அப்பாவின் மெடல் டிஸ்சார்ஜ் புக்கில் இல்லையா? கடலூர், புதுச்சேரி படைவீரர் குடும்பங்களின் கேள்விகளுக்குப் பதில்

ராணுவத்தில் 24 வருஷம் கிளார்க். கடைசி சில வருஷம் ஒரு ரெக்கார்ட் ஆபீஸில், அதாவது படைவீரர்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் அலுவலகத்தில். இப்போது மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். டிஸ்சார்ஜ் புக் என்பது பணி முடிந்து வரும்போது ராணுவம் கையில் தரும் பணி விவரப் புத்தகம். கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு மகன்: அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட், 1971 போரில் மேற்கு எல்லையில் இருந்தவர். சுபேதாராக ஓய்வு பெற்று, இப்போது இல்லை. வீட்டில் மூன்று மெடல் இருக்கிறது, டிஸ்சார்ஜ் புக்கில் ஒன்றுதான் எழுதியிருக்கிறது. மற்ற இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

தம்பி, முதலில் ஒன்று. அந்தப் புத்தகத்தில் யாரும் பேனா வைக்கக் கூடாது. நீங்களும் சரி, உதவி செய்கிறேன் என்று வருகிறவரும் சரி. பிறகு சேர்த்த ஒரு வரி இருந்தால் முழுப் புத்தகமும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

டிஸ்சார்ஜ் புக் மூல ஆவணம் அல்ல, நகல். மூல ஆவணம் ரெக்கார்ட் ஆபீஸில் இருக்கும் ஷீட் ரோல் என்ற பணிப் பதிவேடு. ஒரு சிப்பாயின் கல்யாணம், குழந்தை பிறப்பு, இடமாற்றம், மெடல் எல்லாவற்றையும் யூனிட் 'பார்ட் டூ ஆர்டர்' என்று எண் போட்டு வெளியிடும். அதைப் பார்த்துத்தான் ஷீட் ரோலில் ஏற்றுவார்கள். யூனிட் இடம் மாறும்போது ஆர்டர் விட்டுப் போயிருக்கலாம். ஆர்டர் வந்தும் ஏற்றாமல் இருந்திருக்கலாம். எல்லாம் சரியாக இருந்து, டிஸ்சார்ஜ் அன்று புத்தகம் எழுதியவர் அவசரத்தில் விட்டிருக்கலாம். என் மேஜைக்கு வந்ததில் மூன்றாவது வகைதான் அதிகம். திருத்துவதற்கு எளிதும் அதுதான்.

மெட்ராஸ் ரெஜிமென்டின் ரெக்கார்ட் ஆபீஸ் நீலகிரி வெலிங்டனில். கடிதத்தில் 'மெடலைச் சேர்த்துக் கொடுங்கள்' என்று மட்டும் எழுதாதீர்கள். ஷீட் ரோலில் என்னென்ன மெடல் பதிவாகியிருக்கிறது, எந்த பார்ட் டூ ஆர்டர், என்ன தேதி என்று கேளுங்கள். புத்தகத்தின் எல்லாப் பக்கங்களின் நகல், பிபிஓ (ஓய்வூதிய ஆணை) நகல், இறப்புச் சான்று, நீங்கள் மகன் என்பதற்கான சான்று இணையுங்கள். கடலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பினால் கையில் ஒரு பதிவு இருக்கும். பதில் வராவிட்டால் 10 ரூபாய்க்குத் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் தர வேண்டும்.

இன்றே செய்ய வேண்டியது: மெடலைத் திருப்பி விளிம்பைப் பாருங்கள். எண், பதவி, பெயர் பொறித்திருக்கும். தேய்ந்திருந்தால் சாய்த்துப் பிடித்து டார்ச் அடியுங்கள். பிரஷ், புளி எதுவும் போட வேண்டாம். எழுத்தே போய்விடும்.

பண்ருட்டி: மாமனாருக்கு எந்தெந்த மெடல் வர வேண்டும் என்றே எங்களுக்குத் தெரியாது.

தேதியை வைத்துப் பாருங்கள் அம்மா. 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்கு 25-ஆம் சுதந்திர ஆண்டு மெடல், 1997 ஆகஸ்ட் 15-க்கு 50-ஆம் ஆண்டு மெடல். ஒன்பது வருஷம், இருபது வருஷம் முடித்ததற்குத் தனித்தனி மெடல். போர் மெடல்களுக்கு இடம் முக்கியம். 1971-ல் கிழக்கு என்றால் பூர்வி ஸ்டார், மேற்கு என்றால் பஸ்சிமி ஸ்டார். எந்த யூனிட், எந்த மாதம் என்று புத்தகத்திலிருந்து குறித்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

குறிஞ்சிப்பாடி: ஓஆர்ஓபி (ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம்) நிலுவை வரவில்லை.

ராணுவ ஓய்வூதிய இணையதளமான ஸ்பர்ஷில் கேளுங்கள். இங்கே மெடல் மட்டும்.

தேவனாம்பட்டினம்: 2004 சுனாமியில் அப்பாவின் புத்தகம், மெடல் எல்லாம் போய்விட்டது. எண்கூட நினைவில்லை.

வருத்தமாக இருக்கிறது அம்மா. ஆனால் கடல் கொண்டுபோனது நகலைத்தான். குடும்ப ஓய்வூதியம் வருகிறதல்லவா? பிபிஓவில் அப்பாவின் எண் இருக்கும். அதை வைத்துப் புத்தகத்தின் நகல் கேட்கலாம். மெடல் தொலைந்தது வேறு, வராதது வேறு. கடிதத்தில் இதைத் தெளிவாக எழுதுங்கள். இரண்டுக்கும் நடைமுறை ஒன்றல்ல.

புதுச்சேரி, வில்லியனூர்: தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். இந்தோசீனாவில் இருந்தார். மெடலைப் போட்டுக்கொண்டு எடுத்த போட்டோ இருக்கிறது, தாளில் எதுவும் இல்லை. இங்கே கேட்கலாமா?

கேட்கலாம். இந்திய ரெக்கார்ட் ஆபீஸ் எதிலும் அவர் பெயர் இருக்காது. பிரெஞ்சு ராணுவத்தினரின் ஆவணங்கள் பிரான்சில் 'போ' (Pau) என்ற ஊரில் இருக்கின்றன. கடிதம் பிரெஞ்சில் போக வேண்டும். தாத்தாவின் 'மத்ரிக்குல்' எண் (படை எண்), பிறந்த தேதி, எத்தா சிவில் என்ற பிரெஞ்சுப் பிறப்பு, திருமணப் பதிவில் உள்ளபடி பெயர் மூன்றும் வேண்டும். தெரு நண்பர் ஒருவருக்கு இதில் துணையாக இருந்தேன். வீட்டில் கூப்பிட்ட பெயர் ஒன்று, பிரெஞ்சுப் பதிவில் வேறு. அந்த முடிச்சு அவிழ்ந்த பிறகுதான் கோப்பு கிடைத்தது.

அரியாங்குப்பம்: அந்நியனுக்காகச் சண்டை போட்டவர்களுக்கு இங்கே எதற்கு இடம்? நம் படைவீரர்களைப் பார்ப்போம்.

ஐயா, இதை விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது. புதுச்சேரி 1954 நவம்பர் வரை பிரெஞ்சு ஆட்சியில். சட்டப்படி கைமாறியது 1962-ல். அங்கே பிறந்த பையனுக்கு ராணுவம் என்றால் அந்த ராணுவம்தான். 1947-க்கு முன் நம் கடலூர்ப் பக்கத்து ஆட்கள் யாருடைய ராணுவத்தில் இருந்தார்கள்? இரண்டாம் உலகப்போருக்கு பிரிட்டிஷ் அரசு தந்த பர்மா ஸ்டார் மெடலை வைத்திருக்கும் வீடுகள் இந்த மாவட்டத்திலும் உண்டு. அதை யாரும் அந்நிய மெடல் என்று தூக்கி எறியவில்லை. கடற்கரைச் சாலையில் முதல் உலகப்போர் நினைவுச் சின்னம் 1938-லிருந்து நிற்கிறது. நவம்பர் 11 அன்று போய்ப் பாருங்கள். கோட்டில் மெடல் குத்திக்கொண்டு வரும் கிழவர்கள் நம் தெருக்காரர்கள்.

அரியாங்குப்பம்: அவர்களுக்கு ஈரோவில் பென்ஷன் வருகிறது, நமக்கு?

பென்ஷன் வேறு பேச்சு. அந்தப் பேரன் பணம் கேட்கவில்லை, தாத்தா என்ன செய்தார் என்று கேட்கிறான். அவனுக்குப் பதில் சொல்லிவிட்டேன்.

விருத்தாசலம்: டிஸ்சார்ஜ் புக்கில் மெடல் சேர்ப்பது எப்படி?

முதல் பதில்.

சிதம்பரம்: கடையில் மெடல் வாங்கி, புத்தகத்தில் நாமே எழுதிக்கொண்டால்?

வேண்டாம். பேனா வைக்காதீர்கள் என்று மறுபடியும் சொல்கிறேன். உரிமை இல்லாத மெடலைக் குத்திக்கொண்டால், பக்கத்தில் நிற்கும் உண்மையான ஆளின் மெடலையும் சேர்த்துத்தான் சந்தேகிப்பார்கள்.

பாகூர்: மெடல் சேர்ந்தால் பென்ஷன் ஏறுமா?

போர் மெடல், சேவை மெடலுக்கு ஏறாது. வீர விருதுக்கு மட்டும் மாதப்படி உண்டு.

நெல்லிக்குப்பம், மறுபடியும்: ஐயா, விளிம்பைப் பார்த்தேன். பெயர் அப்பாவுடையதுதான். ஆனால் எண் வேறு. புத்தகத்தில் 'ஜேசி' என்று தொடங்குகிறது, மெடலில் வெறும் எண். வேறு யாருடையதோ?

இல்லை தம்பி, அப்பாவுடையதுதான். ஹவில்தாருக்கு மேலே நாயப் சுபேதார் ஆகும்போது புது ஜேசி (ஜூனியர் கமிஷன்ட்) எண் தருவார்கள். அந்த மெடல் அவர் சிப்பாயாகவோ ஹவில்தாராகவோ இருந்த காலத்து எண்ணில் பொறித்தது. பதிவு விட்டுப்போனதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். கடிதத்தில் இரண்டு எண்ணையும் எழுதுங்கள், விளிம்பின் போட்டோவையும் வையுங்கள். அனுப்பும் முன் எனக்கு ஒருமுறை காட்டுங்கள்.