பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்குப் போடும் யூகாஸ் விண்ணப்பத்தில், நம்மைப் பற்றி நாமே எழுதும் பர்சனல் ஸ்டேட்மென்ட்டை எப்படி வடிவமைப்பது? வேர்டில் போட்ட தடித்த எழுத்து, தலைப்பு எல்லாம் ஒட்டியதும் போய்விடுகிறதே?

போகத்தான் செய்யும். அந்தப் பெட்டி வெறும் எழுத்துகளை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். தடித்த எழுத்து, சாய்வெழுத்து எதுவும் அங்கே நிற்காது. உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை.

கேள்வியைப் பார்த்தால் பன்னிரண்டாவது படிக்கிறீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லை என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டிலும் அதே நிலைமைதான், அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குப் பவானி. மகள் ஜவுளி வடிவமைப்புக்கு விண்ணப்பித்தாள். 2023 ஜனவரி 25, பிரிட்டன் நேரம் மாலை 6 மணிதான் கடைசி, நமக்கு இரவு பதினொன்றரை. கோவையில் ஓர் ஆலோசனை மையத்தில் பணம் கட்டித் திருத்தி வாங்கியிருந்தோம். தலைப்புகள் போட்டு, கீழே புள்ளி புள்ளியாகப் பிரித்து, பார்க்க லட்சணமாக இருந்தது. ஒன்பது மணிக்கு ஒட்டினாள். தலைப்பு எது, வாக்கியம் எது என்று தெரியாமல் எல்லாம் கலந்துவிட்டது. அதைவிடப் பெரிய அடி, 4,000 எழுத்துக்குள் இருந்தும் வரி 53 ஆகியிருந்தது. அப்போது 47 வரிக்கு மேல் போகக்கூடாது. பத்திகளுக்கு நடுவே விடும் வெற்று வரியும் கணக்கில் சேரும், தலைப்பும் சேரும். வேர்டில் தெரிகிற வரி வேறு, அங்கே எண்ணுகிற வரி வேறு.

மையத்துக்கு போன் போட்டோம். "தாத்தா தறி பத்தின பத்திய எடுத்துடுங்க, சரியாயிடும்" என்றார்கள்.

என் அப்பா ஜமக்காளம் நெய்தவர். அகலமான ஜமக்காளத்துக்கு ஒரே தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒருவர் தள்ளும் நாடா, அதாவது குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டை, இன்னொருவர் கைக்குப் போய்த் திரும்ப வரும். அப்பாவும் அம்மாவும் அப்படித்தான் வருஷக்கணக்கில் நெய்தார்கள். அதைத்தான் மகள் எழுதியிருந்தாள். "அப்பிச்சிய எடுத்துட்டா நான் எதுக்கு இந்தப் படிப்புக்குப் போறேன்னே அதுல இல்லீங்கம்மா" என்று அழுதாள். எனக்கும் பொறுக்கவில்லை.

சரி, நாமே வெட்டுவோம் என்று உட்கார்ந்தோம். தலைப்புகளை எடுத்தோம். வெற்று வரிகளை எடுத்தோம். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றிய வாக்கியம் போனது, அதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். பள்ளியில் வாங்கிய பரிசுப் பட்டியலும் போனது. தலைப்பு செய்த வேலையை ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்திடம் கொடுத்தோம், அதைப் படித்தாலே பத்தி எதைப் பற்றி என்று தெரிய வேண்டும். தறிப் பத்தியை முதலில் வைத்தோம். 47க்கு வந்தது, பத்தே முக்காலுக்கு அனுப்பினோம்.

ஐந்து பல்கலைக்கழகத்துக்குப் போட்டதில் மூன்றில் இடம் கிடைத்தது. அந்தப் பத்தியால்தான் என்று நான் சொல்லவில்லை. மதிப்பெண்ணும் இருந்தது, அவள் வரைந்தவையும் இருந்தன. ஒரே பிள்ளையின் அனுபவத்தை வைத்துப் பேசுகிறாள் என்று சிலர் வருவீர்கள். ஆமாம், அது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

இப்போது முறை மாறிவிட்டது. 2026 சேர்க்கையிலிருந்து ஒரே கட்டுரைக்குப் பதில் மூன்று கேள்விகள்: ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது எப்படித் தயார் செய்தது, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றும் சேர்ந்து இடைவெளியோடு 4,000 எழுத்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 350. ஆகவே தலைப்புக் கவலை உங்களுக்கு வேண்டாம், கேள்வியே தலைப்பு. நோட்பேடில் அடித்து ஒட்டுங்கள். ஒரு கேள்விக்குச் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லாதீர்கள். ஐந்து இடத்துக்கும் இதே எழுத்துதான் போகும், அதனால் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் அதில் எழுதிவிடாதீர்கள்.

அப்புறம் இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு ஆறவில்லை. குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் வரும். நமக்கு இனிஷியல்தானே உண்டு? பாஸ்போர்ட்டில் அவள் இனிஷியலை விரித்து அப்பா பெயரை அங்கே போட்டிருந்தது, அதையே இங்கும் எழுதினோம். அன்றிலிருந்து வந்த கடிதமெல்லாம் 'மிஸ்' போட்டு என் கணவர் பெயரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிட்டது. அத்தனை ராத்திரி கண்விழித்து எழுதியவள் அவள், அவள் பெயரை ஒருவரும் முதலில் சொல்லவில்லை. ஆனாலும் நீங்கள் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே போடுங்கள். மாற்றிப் போட்டால் விசா நேரத்தில் அலைய வேண்டிவரும்.