ஸ்பெக்ட்ரோமீட்டர் டிடெக்டரோட சென்சிட்டிவிட்டி ஏன் மாறிட்டே இருக்கு, அதை எப்படி சரிக்கட்டுறது?

ஸ்பெக்ட்ரோமீட்டர்னா வெளிச்சத்தை அலைநீளம் வாரியா பிரிச்சு அளக்கற கருவி, அதுல வெளிச்சத்தை சிக்னலா மாத்தறது டிடெக்டர். விழுற வெளிச்சம் அதேதான், ஆனா காலைல ஒரு ரீடிங், மதியம் வேற ரீடிங். இதைத்தான் சென்சிட்டிவிட்டி ட்ரிஃப்ட்னு சொல்றாங்க.

பெரும்பாலும் சூடுதான் காரணம். சிலிக்கான் டிடெக்டர் சூடானா அதுல எலக்ட்ரானை கிளப்ப தேவைப்படற எனர்ஜி கொஞ்சம் குறையும், அதனால 1000 நானோமீட்டர் பக்கத்துல இருக்கற இன்ஃப்ராரெட்டை முன்னைவிட அதிகமா பிடிக்க ஆரம்பிச்சிடும், ஆனா பச்சை, சிவப்பு பக்கம் பெருசா ஒண்ணும் மாறாது. மொத்த ஸ்பெக்ட்ரமும் ஒரே மாதிரி ஏறி இறங்கினா கூட பரவால்ல, இது அப்படி இல்லையே, அதான் தலைவலி. ஃபோட்டோமல்டிப்ளையர்ல (ஹை வோல்டேஜ் வெச்சு சின்ன வெளிச்சத்தையும் பல மடங்கு பெருக்கிக் காட்டற டிடெக்டர் குழாய்) கதையே வேற, ஹை வோல்டேஜ் 1% நகர்ந்தாலே சிக்னல் 5%க்கு மேல கூட நகரும், ரொம்ப வெளிச்சம் காட்டினா கொஞ்ச நேரம் சோர்ந்தும் போகும்.

ஸ்பிரிங் தளர்ந்த தராசுல ஒரு கிலோ படிக்கல்லை வெச்சுப் பாத்தா எவ்ளோ தப்பா காட்டுதுன்னு தெரிஞ்சிடும்ல, அப்புறம் மத்த எடையை எல்லாம் அதால வகுத்துக்கலாம். இங்கயும் அதேதான், சாம்பிளையும் ரெஃபரன்ஸையும் (படிக்கல் மாதிரி, மதிப்பு ஏற்கனவே தெரிஞ்ச பொருள்) மாத்தி மாத்தி அளந்து ஒவ்வொரு அலைநீளத்துலயும் தனித்தனியா வகுக்கணும். டபுள் பீம் கருவி, அதாவது வெளிச்சத்தை ரெண்டா பிரிச்சு ஒண்ணை சாம்பிளுக்கும் இன்னொண்ணை ரெஃபரன்ஸுக்கும் அனுப்பற கருவி, இதை தானாவே செய்யும், லாம்போட வெளிச்சம் கூடிக் குறையறதும் வகுக்கறப்ப சேர்ந்து அடிபட்டுடும். டிடெக்டரை ஒரே வெப்பநிலைல வெச்சா இன்னும் நல்லது.

டார்க் ரீடிங்கை கழிச்சா போதும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அது வெளிச்சமே இல்லாதப்ப வர்ற சிக்னலை மட்டும்தான் எடுக்கும், சென்சிட்டிவிட்டி மாறினது பெருக்கல்ல வர்ற தப்பு, கழிச்சா போகாது.