கைப்பேசியில் தொலைந்த வீடியோக்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகளின் வளைகாப்பைப் படம்பிடித்துக்கொண்டிருந்தபோது ஆண்ட்ராய்டு கைப்பேசி கைதவறி விழுந்து அணைந்துவிட்டது. மறுபடி இயக்கியபோது கேலரியில் அந்த வீடியோ 1.8 ஜிபி அளவில் இருக்கிறது. ஆனால் திறந்தால் ‘இயக்க முடியவில்லை’ என்றே வருகிறது. மீட்க வழியுண்டா? – வாசகி, கும்பகோணம்

பதில்: பெரும்பாலும் உண்டு. நீங்கள் குறிப்பிட்டிருக்கும் அளவே நம்பிக்கை தருகிறது. 1080பி தரத்தில் எடுக்கும் வீடியோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 எம்பி இடம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், சுமார் 14 நிமிடக் காட்சி அந்தக் கோப்புக்குள் இன்னும் இருக்கிறது.

பிறகு ஏன் ஓடவில்லை என்றால், எம்பி4 கோப்பில் இரண்டு முக்கியப் பகுதிகள் உண்டு. படமும் ஒலியும் ‘எம்டாட்’ என்ற பகுதியில் பதிவாகிக்கொண்டே வரும். எந்தக் காட்சித் துணுக்கு எங்கே தொடங்குகிறது, அதன் நீளம் என்ன, எந்த நொடியில் அது தோன்ற வேண்டும் என்ற அட்டவணை ‘மூவ்’ என்ற பகுதியில் இருக்கும். கேமரா செயலி இந்த அட்டவணையைப் பெரும்பாலும் நீங்கள் நிறுத்தும் பொத்தானைத் தொட்ட பிறகுதான் எழுதி முடிக்கிறது. உங்கள் கைப்பேசிக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. ஏடுகளெல்லாம் இருந்தும், கயிறு அறுந்து, எண்ணும் இடப்படாமல் கிடக்கும் சுவடிக்கட்டின் நிலைதான் இது.

முதலில் அந்தக் கோப்பைக் கணினிக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். செய்வதையெல்லாம் நகலிலேயே செய்யுங்கள். அடுத்து, அதே கைப்பேசியில், அதே கேமராவில், அதே தர அமைப்பில் ஓரிரு நிமிட வீடியோ ஒன்றைப் புதிதாக எடுத்து முறையாக நிறுத்துங்கள். ‘அன்ட்ரங்க்’ என்ற இலவச மென்பொருளிடம் இந்த நல்ல கோப்பையும் பழுதான கோப்பையும் கொடுத்தால், நல்லதன் அமைப்பைப் பார்த்துப் பழுதானதற்குப் புதிய அட்டவணை ஒன்றை அது உருவாக்க முயலும். அமைப்பு சற்று மாறினாலும், எடுத்துக்காட்டாக வளைகாப்பை 1080பி-யில் எடுத்துவிட்டு மாதிரியை 4கே-யில் எடுத்தாலும், பலன் கிடைக்காது. மீண்ட வீடியோவில் சில வேளை உதட்டசைவும் ஒலியும் சற்று விலகி நிற்கும். எடிட்டிங் மென்பொருளில் அதைச் சரிசெய்துகொள்ளலாம். இதே வேலையைச் செய்து தருவதாகச் சொல்லும் கட்டண இணையத்தளங்களும் இருக்கின்றன. வீட்டு விசேஷத்தின் வீடியோவை முன்பின் தெரியாத தளத்தில் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இதே விபத்து நேர்ந்து, கேலரியில் எதுவுமே தென்படாதவர்களுக்கு ஒரு குறிப்பு: ஆண்ட்ராய்டு 11 முதல், முடிவுறாத பதிவுகள் ‘.பெண்டிங்’ (.pending) என்று தொடங்கும் பெயருடன் கேமரா கோப்புறையில் மறைந்திருக்கக்கூடும். ஃபைல் மேனேஜரில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லித் தேடுங்கள். இத்தகைய கோப்புகளை ஆண்ட்ராய்டு வழக்கமாக 7 நாள்களுக்குப் பிறகு தானே துடைத்துவிடும் என்பதால் தாமதிக்க வேண்டாம்.

கேள்வி: தவறுதலாக அழித்த வீடியோவை மீட்க, ரெக்கவரி செயலி ஒன்றைப் பணம் கட்டி வாங்கலாம் என்று நண்பர் சொல்கிறார். வாங்கலாமா? – வாசகர், ஈரோடு

பதில்: பணம் கட்டுவதற்கு முன் குப்பைத்தொட்டியைப் பாருங்கள். கூகுள் ஃபோட்டோஸில் பேக்கப் ஆன வீடியோ, அழித்த பின் 60 நாள்களும், பேக்கப் ஆகாதது 30 நாள்களும் அங்கே இருக்கும். ஐபோனில் ‘சமீபத்தில் நீக்கியவை’ தொகுப்பில் 30 நாள்கள் இருக்கும். யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால், தரம் குறைந்த பிரதியாவது அவரிடம் கிடைக்கும்.

அங்கெல்லாம் இல்லையென்றால், வீடியோ எங்கே பதிவாகியிருந்தது என்பதே கேள்வி. கைப்பேசியின் உள் நினைவகம் என்றால் ஆசையை விட்டுவிடுவது நல்லது. இன்றைய கைப்பேசிகள் உள் நினைவகத்தைக் குறியாக்கம் செய்தே, அதாவது சாவியின்றிப் படிக்க முடியாதபடி பூட்டியே, வைக்கின்றன. காலியான இடத்தையும் அவ்வப்போது துடைத்துவிடுகின்றன. அந்தச் செயலிகள் காட்டுபவற்றில் பல, எங்கோ தங்கிப்போன சிறு முன்னோட்டப் படங்களே. அவற்றைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

மெமரி கார்டு என்றால் கதை வேறு. அங்கே அழிப்பது என்பது, பெரும்பாலும், ‘இந்த இடம் காலி’ என்று குறித்துவைப்பது மட்டுமே. வேறொன்று அதன்மேல் பதியும்வரை பழைய தரவு அப்படியே கிடக்கும். ஆகவே இனி ஒரு படம்கூட எடுக்காமல் கார்டை உடனே கழற்றி, கார்டு ரீடர் மூலம் கணினியில் இணைத்து, ‘ஃபோட்டோரெக்’ என்ற இலவச மென்பொருளால் தேடுங்கள். மீட்பவற்றை அதே கார்டில் அல்லாமல் கணினியில் சேமியுங்கள். கோப்புகளின் பழைய பெயர்கள் திரும்பி வாரா. ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டியிருக்கும். கார்டில் தொடர்ச்சியாக எழுதப்பட்ட வீடியோ முழுதாகக் கிடைக்கும். துண்டு துண்டாகச் சிதறி எழுதப்பட்டது பாதியில் நின்றுவிடலாம், ஓடாமலே போகவும் கூடும்.

கேள்வி: கைப்பேசியில் நன்றாக ஓடும் வீடியோ, பழைய கணினியில் ஒலி மட்டும் தருகிறது. பழுதாகிவிட்டதா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: இல்லை. வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் புதிய முறையான எச்.265-இல் பதிவானதாக இருக்கும்; கணினியில் விஎல்சி பிளேயரை நிறுவித் திறந்து பாருங்கள். இனி எடுப்பவற்றுக்குக் கேமரா அமைப்பில் பழைய முறையான எச்.264-ஐத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை இராது. கோப்பின் அளவுதான் கூடும்.