மேட்டூரைத் திறந்தால் போதுமா? அலுவலகக் கணினி கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் 60 கணினிகள். போன மாதம் விண்டோஸ் அப்டேட் வந்த மறுநாளே எல்லாவற்றிலும் ஏற்றினேன். ரசீது பிரின்டர்கள் படுத்துவிட்டன. இனி ஒரு மாதம் தள்ளிப்போடலாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: சூடு பட்டிருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் ஒரு மாதம் அதிகம். 2017 மே 12 அன்று உலகைக் கலக்கிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸுக்கு மருந்து மார்ச் 14-லேயே வந்துவிட்டது, ஏற்றாதவர்கள்தான் அழுதார்கள். அதற்காக மொத்தமாகத் திறந்துவிடவும் கூடாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பழுதான கோப்பு, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது.

நமக்குத் தெரிந்த முறைப்பாசனம்தான் இங்கும் வழி. மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாம் செவ்வாய் அன்று அப்டேட்டை வெளியிடுகிறது. நமக்கு அப்போது இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. புதன் காலை ஐந்து கணினிகளுக்கு மட்டும் விடுங்கள். ஐந்தும் உங்கள் அறையிலேயே இருந்தால் பயனில்லை. ரசீது பிரின்டர் மாட்டிய கவுன்டர் கணினி ஒன்றும் கணக்காளருடையது ஒன்றும் கட்டாயம். திங்கள் வரை புகார் இல்லையென்றால் இருபது, அடுத்த வாரம் மீதி.

கேள்வி: கல்லூரி லேபில் 40 கணினிகள். அப்டேட்டை வாங்கி எல்லாக் கணினிகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் டபிள்யூ.எஸ்.யூ.எஸ். சர்வரில் ஒன்றுதான் தெரிகிறது. அதன் பெயரும் அவ்வப்போது மாறுகிறது! (வாசகர், திருவாரூர்)

பதில்: பேய் இல்லை, குளோன். ஒரு கணினியைத் தயார்செய்து, அதன் டிஸ்க்கை அப்படியே மற்றவற்றுக்கு நகலெடுத்திருப்பீர்கள். சர்வர் ஆளை அடையாளம் காண்பது 'சஸ்கிளையன்ட்ஐடி' என்ற எண்ணை வைத்து. நாற்பதுக்கும் ஒரே எண் என்றால், ஒரே ரேஷன் கார்டை நாற்பது பேர் நீட்டுவதுபோல. கடைசியாக வந்தவர் பெயர் மட்டும் நிற்கும். ஒரு பயிற்சி நிலையத்தில் இதே தொல்லைக்கு இரண்டு நாள் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகியவன் நான்.

ஒவ்வொன்றிலும் விண்டோஸ் அப்டேட் சேவையை நிறுத்தி, ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) அந்த எண்ணையும் 'சஸ்கிளையன்ட்ஐடி வேலிடேஷன்' என்பதையும் நீக்கிவிட்டுச் சேவையைத் தொடங்குங்கள். புது எண் உருவாகும். அடுத்த முறை நகலெடுக்கும் முன், கணினியின் தனி அடையாளங்களைத் துடைக்கும் 'சிஸ்பிரெப்' கருவியை ஓட்டிவிடுங்கள்.

கேள்வி: 97 சதவீதக் கணினிகளில் அப்டேட் ஏறிவிட்டது என்ற அறிக்கையை முதலாளியிடம் காட்டினேன். மறுநாள் ஆலைக்குப் போனால் பாதிக் கணினிகளில் பழைய பதிப்பே ஓடுகிறது. (வாசகர், மன்னார்குடி)

பதில்: எத்தனையில் 97 என்று பார்த்தீர்களா? சர்வரோடு பேசாமலே கிடக்கும் கணினிகள் கணக்கில் விடுபட்டிருக்கலாம். மேட்டூரில் ஷட்டரைத் தூக்கியதை வைத்துக் கடைமடை நனைந்தது என்று நாம் எழுதுவதில்லை. கடைசியாகத் தொடர்புகொண்ட தேதி, மறுதொடக்கத்துக்குக் காத்திருப்பது என்ற இரண்டு பத்திகளை அறிக்கையில் சேருங்கள். பதினைந்து நாள் பேச்சுமூச்சு இல்லாத கணினிகளின் பட்டியல்தான் முதல் பக்கத்தில் வர வேண்டும்.

ஆலையில் இன்னொன்றையும் பாருங்கள். மாலையில் கிளம்பும்போது எடைமேடை அறையின் மெயின் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போகிறார்களா? அப்படியென்றால் இறங்கிய அப்டேட் நிறைவேறவே வாய்ப்பில்லை. முறையாக அணைத்தாலும், 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' (சீக்கிரம் எழுவதற்காக, அணைக்கும்போது பாதி நிலையைச் சேமித்து வைக்கும் வசதி) இருந்தால் அது முழு மறுதொடக்கம் ஆகாது. வாரம் ஒருநாள் மதிய உணவு நேரத்தில் 'ரீஸ்டார்ட்' கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: டபிள்யூ.எஸ்.யூ.எஸ்.-ஐ மூடப் போகிறார்களாமே? (வாசகர், மயிலாடுதுறை)

பதில்: 2024 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் சொன்னது, புது வசதிகள் வராது என்பதுதான். விண்டோஸ் சர்வர் 2025-இலும் அது இருக்கிறது. பதற வேண்டாம், ஆனால் புதிதாகத் தொடங்குபவர்கள் வேறு வழியையும் பார்க்கலாம்.

கேள்வி: கிளையில் மொபைல் டேட்டாதான். ஆறு கணினிகளும் சேர்ந்து இறக்கினால் பில் போட முடியவில்லை. (வாசகர், வேதாரண்யம்)

பதில்: 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' அமைப்பில், உள் நெட்வொர்க் கணினிகளுடன் பகிர்வதை இயக்குங்கள். ஒன்று இறக்கியதைப் பக்கத்துக் கணினிகள் அதனிடமிருந்தே வாங்கிக்கொள்ளும். வேலை நேரத்துக்குப் பதிவிறக்க வேக வரம்பும் வைத்துவிடுங்கள். இணையத்தில் உள்ள கணினிகளுடனும் பகிரும் தேர்வை மட்டும் தொடாதீர்கள். உங்கள் டேட்டா ஊருக்கெல்லாம் போய்விடும்.