பளு தூக்கினால் உயரம் நின்றுவிடுமா?
13 வயது மகள் பளுதூக்கப் போனால் வளர்த்தி நின்றுவிடும் என்று ஊரிலிருந்து அத்தை பயமுறுத்துவதாக எழுதியிருந்தீர்கள். ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் அப்படியெல்லாம் நிற்காது சார், நானே அந்த வயதில் தொடங்கி இப்போது டெல்லி துவாரகாவில் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருகிறேன். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் இரண்டு வகைத் தூக்குகளில் 110, 130 என்று மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கிய கர்ணம் மல்லேஸ்வரியும் 12 வயதில் ஆரம்பித்தவர்தான். பிறகு யமுனாநகரில் பயிற்சிக்கூடம் வைத்தார், 2021இல் நம்ம டெல்லி விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரும் ஆனார்.

நீங்கள் பார்க்கவேண்டியது கோச்சை. முதலில் வெறும் குச்சிதான் கையில் இருக்கணும், எடை எதுவும் மாட்டாத பெண்கள் பாரே (இரும்புக் கம்பியே) 15 கிலோ. கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்களால் பூட்டிப் பிடிக்கச் சொல்வார்கள், முதல் வாரம் எரியும், அழுவாள், டேப் சுற்றிவிடுங்கள். என் முதல் கோச் மூன்றாம் வாரமே எடையை ஏற்றி எனக்கு இடுப்புப் பிடிப்பு வரவைத்துவிட்டார். அப்படிப்பட்ட ஆள் என்றால் அன்றைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.