எழுதச் சொன்னால் அழுகிற பிள்ளைகள்: வீட்டுவழிக் கல்விப் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் 6 ஆண்டுகள் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தவள். பிறகு 13 ஆண்டுகள் என் மகளையும் மகனையும் திருப்பரங்குன்றத்தில் வீட்டில் வைத்தே படிக்க வைத்தேன். இப்போது சனிக்கிழமை காலைகளில் 11 பிள்ளைகள் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு எழுத வருகிறார்கள். வந்த கேள்விகளில் பாதி ஒரே கவலையைத்தான் சொல்கின்றன: பிள்ளை நன்றாகப் பேசுகிறது, எழுத மாட்டேன் என்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி (ஆரப்பாளையம்): அக்கா, என் மகனுக்கு 7 வயது. அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்துவிட்டு வந்து ஒரு மணி நேரம் விடாமல் பேசினான். அதையே எழுது என்று நோட்டைக் கொடுத்தேன். "நான் திருவிழாவுக்குப் போனேன். நன்றாக இருந்தது" என்று இரண்டு வரி எழுதிவிட்டு அழுதான். இது சோம்பலா?

பதில்: சோம்பல் இல்லை, தங்கச்சி. "எழுது" என்ற ஒரு சொல்லில் மூன்று வேலைகளை அவன் தலையில் வைத்துவிட்டீர்கள். என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும். அதற்குரிய எழுத்துகளை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். அவற்றை விரல் வலிக்கக் கோட்டுக்குள் போட வேண்டும். நம் எழுத்து சின்னக் கைக்கு அவ்வளவு எளிதானதும் அல்ல. 'கொ' என்று சொல்லும்போது முதலில் ஒலிப்பது 'க்'. எழுதும்போதோ கொம்பை முதலில் போட்டு, அதற்கடுத்து 'க' எழுதி, கடைசியில் துணைக்கால் போட வேண்டும். காது போகிற வரிசை ஒன்று, கை போகிற வரிசை வேறொன்று. அவன் அதைக் கவனித்துக்கொண்டிருக்கும்போதே அழகரின் பச்சைப் பட்டும் குதிரையும் கூட்டமும் மனதிலிருந்து நழுவிவிட்டன. கையில் மிஞ்சியது "நன்றாக இருந்தது".

இரண்டு மாதம் அவனை எழுதச் சொல்லாதீர்கள். அவன் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். அவன் சொன்ன சொல்லை அழகாக்க வேண்டாம். "குதிரை மேல தண்ணி பட்டுச்சு" என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். முடிந்ததும் வாசித்துக் காட்டுங்கள். இரவு அவன் அப்பா வந்ததும் அவரிடம் வாசியுங்கள், அவன் கேட்கும்படி. அவர் திருவிழாவுக்கு வராதவர் என்றால் இன்னும் நல்லது. நாம் பேசியது தாளில் நின்று, அந்த இடத்தில் இல்லாத ஒருவரைச் சிரிக்க வைக்கிறது என்பதைப் பிள்ளை தன் கண்ணால் பார்க்க வேண்டும். மூன்றாவது மாதம், "கடைசி வரியை மட்டும் நீ எழுதிவிடு" என்று பென்சிலை நீட்டுங்கள். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். என் மகன் முழுப் பக்கம் தானாக எழுதியபோது அவனுக்கு எட்டரை வயது.

கைப்பயிற்சி தனியாக நடக்கட்டும், கதை எழுதும் நேரத்தில் வேண்டாம். வாசலில் கோலம் போடச் சொல்லுங்கள். ஆண் பிள்ளைக்கு எதற்கு என்று வீட்டில் யாரும் சொன்னால் கேட்காதீர்கள். புள்ளியைச் சுற்றிக் கோடு வளைக்கிற கைக்கு 'ண'வின் சுழி சுலபமாக வரும். விளாச்சேரிக்கு அழைத்துப் போய் மண் பொம்மை செய்கிறவர்களின் விரல்களைக் காட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் களிமண்ணைக் கொடுங்கள். சிலேட்டும் குச்சியும் வாங்குங்கள். பிழையைத் துடைத்துவிடலாம் என்ற நிம்மதி நோட்டில் கிடைப்பதில்லை.

காந்தி தன் சுயசரிதையில் இதைப் பற்றி மனம் நொந்து எழுதியிருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞர்களும் இளைஞர்களும் எழுதிய அழகான கையெழுத்தைப் பார்த்துத் தன் கையெழுத்துக்காக வெட்கப்பட்டாராம். குழந்தைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதற்கு முன் வரையக் கற்றுக்கொடுக்க வேண்டும், பூவையும் பறவையையும் பார்ப்பதுபோல எழுத்தையும் பார்த்துப் பழகட்டும் என்பது அவர் வந்தடைந்த முடிவு. தமுக்கத்தில் காந்தி அருங்காட்சியகத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

கேள்வி (மேலூர்): 9 வயது மகள் ஆசையாகக் கதை எழுதுகிறாள். ஆனால் ர, ற, ல, ள, ழ எல்லாம் தலைகீழ். கண்டுகொள்ளாமல் விடச் சொல்கிறார்கள். விட்டால் பிழையே பழகிவிடாதா?

பதில்: விடக் கூடாது. ஆனால் கதையின் மேல் கை வைக்கவும் கூடாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆசிரியை வேலையின் பழக்கம் என் கையைவிட்டுப் போகவில்லை. என் மகள் 8 வயதில், கிணற்றில் விழுந்த பூனையைப் பற்றி மூன்று பக்கம் எழுதி எடுத்து வந்தாள். நான் சிவப்புப் பேனாவால் 23 இடங்களில் வட்டம் போட்டுக் கொடுத்தேன். பூனை பிழைத்ததா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன் பிறகு பத்து மாதம் அவள் எதுவும் எழுதவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது படிக்கிற ஒரு ஆள். கிடைத்தது திருத்துகிற ஆள்.

ஆகவே இரண்டு நோட்டு வையுங்கள். கதை நோட்டில் உங்கள் பேனா படவே வேண்டாம். அதில் அவள் செய்யும் பிழைகளில் வாரத்துக்கு ஐந்தே ஐந்து சொற்களை மனதில் குறித்துக்கொண்டு, இரண்டாவது நோட்டில் தினமும் பத்து நிமிடம் பழக்குங்கள். ஜோடியாகக் கொடுங்கள்: மரம், மறம்; அரை, அறை; பல்லி, பள்ளி. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வரையட்டும். பள்ளிக்கூடச் சுவரில் பல்லி இருக்கும் படத்தை எங்கள் திண்ணைப் பிள்ளை ஒருவன் வரைந்த பிறகு, அந்த இரண்டு சொற்களில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

சில பிழைகளிலிருந்து இலக்கணமே காப்பாற்றும். 'ட' வருவதற்கு முன் 'ண்' (வண்டி), 'த' வருவதற்கு முன் 'ந்' (பந்து), 'ற' வருவதற்கு முன் 'ன்' (கன்று). வாயால் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து வரும் எழுத்துக்கு நாக்கு எங்கே போகிறதோ அந்த இடத்திலேயே மூக்கொலியும் பிறக்கிறது. இது பிடிபட்டால் ண, ந, ன குழப்பத்தில் பெரும்பகுதி தீரும். 'ழ'தான் நம் ஊரில் கடினம், ஏனென்றால் நாமே வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்கிறோம். பிள்ளை காதில் விழுவதைத்தானே எழுதும்? ஒரு நாளில் அரை மணி நேரமாவது 'ழ'வைச் சரியாக ஒலித்து நீங்கள் உரக்க வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி (உசிலம்பட்டி பக்கம்): நாங்கள் ஆடு வளர்க்கிறோம். மகனுக்கு 10 வயது. 'என் நண்பன்', 'மழைக்காலம்' என்று கட்டுரைத் தலைப்பு கொடுத்தால் முகம் சுளிக்கிறான். எந்தத் தலைப்பு கொடுக்கலாம்?

பதில்: தலைப்பு வேண்டாம், வேலை கொடுங்கள். 'மழைக்கால'த்தை அவன் யாருக்காக எழுதுவான்? அதைப் படிக்கக் காத்திருப்பவர் ஒருவரும் இல்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

உங்கள் வீட்டில் எழுத்துக்குத் தேவை இருக்கிறது. ஆட்டுக் கணக்கு நோட்டை அவனிடம் ஒப்படையுங்கள். எந்த ஆடு எப்போது குட்டி போட்டது, எது இரை எடுக்கவில்லை, எதற்கு என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று தேதியோடு எழுதட்டும். கால்நடை மருத்துவர் கேட்கும்போது நோட்டைப் பார்த்து அவனே பதில் சொல்லட்டும். அப்பா சந்தைக்குப் போவதற்கு முன் அந்த நோட்டைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார் என்ற நிலை வந்தால், ஒரு மாதத்தில் அவன் வரிகள் நீள்வதைக் காண்பீர்கள்.

உங்கள் பகுதியில் விசேஷங்களுக்குக் குறைவில்லையே! மொய் எழுதுகிறவர் பக்கத்தில் அவனை உட்கார வையுங்கள். பெயர், தகப்பனார் பெயர், ஊர், தொகை. ஒரே பெயரில் நான்கு பேர் வந்தால் தொழிலையோ தெருவையோ சேர்த்து எழுதுவார்கள். பின்னாளில் அந்த மொய்யைத் திருப்பிச் செய்ய வேண்டியவர் தவறாகப் படித்துவிடக் கூடாது அல்லவா? எழுத்தில் துல்லியம் எதற்கு என்பதை இதைவிட நன்றாக என்னால் விளக்க முடியாது.

கூடவே அஞ்சலட்டை. 50 காசுதான். வெளியூரில் இருக்கும் தாய்மாமனுக்கு ஆடுகளைப் பற்றி எழுதட்டும். ஆனால் மாமனிடம் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்: பதில் கட்டாயம் வர வேண்டும், பதிலில் ஒரு கேள்வியும் இருக்க வேண்டும். பதில் வராத முதல் கடிதமே பல பிள்ளைகளுக்குக் கடைசிக் கடிதமாகிவிடுகிறது.

கேள்வி (திருமங்கலம், ஒரு தாத்தா): அம்மா, என் பேரன் "அவிங்க வந்தாய்ங்க" என்றே எழுதுகிறான். பேச்சு மொழியில் எழுதுவதை அனுமதித்தால் நல்ல தமிழ் எப்போது வரும்? எனக்கு மனம் ஒப்பவில்லை.

பதில்: ஐயா, உங்கள் கவலை நியாயமானது. தமிழ்ப் பிள்ளை எழுத வரும்போது ஏறக்குறைய இன்னொரு மொழியையே கற்றுக்கொள்கிறது. வீட்டில் 'வந்தாய்ங்க', புத்தகத்தில் 'வந்தார்கள்'. இந்தத் தூரத்தை ஒரே நாளில் தாண்டச் சொன்னால் பேரன் வாயை மூடிக்கொள்வான்.

நீங்களே இதற்குச் சரியான ஆள். உங்கள் இளமைக் காலக் கதை ஒன்றை அவனிடம் சொல்லுங்கள். நீங்கள் பேசியபடியே அவன் எழுதிக்கொள்ளட்டும். மறுநாள் இருவரும் உட்கார்ந்து, "இதைச் செய்தித்தாளில் போடுவதானால் எப்படி எழுதுவார்கள்?" என்று ஒவ்வொரு வரியாக மாற்றுங்கள். மனிதர்கள் பேசும் வரிகளை மட்டும் மேற்கோள் குறிக்குள் பேச்சாகவே விட்டுவிடுங்கள். எது கதை சொல்கிறவரின் மொழி, எது கதைக்குள் பேசுகிறவரின் மொழி என்று அவன் பிரித்தறிவான். எழுத்துத் தமிழை ஒரு தண்டனையாக நினைக்காமல், வெளியூர்க்காரருக்கும் புரியும்படி போட்டுக்கொள்ளும் உடையாக நினைப்பான்.

கேள்வி (கே.கே. நகர்): 12 வயது மகன் கணினியில் தட்டச்சு செய்கிறான். பேனாவே பிடிப்பதில்லை. கட்டாயப்படுத்த வேண்டுமா?

பதில்: கதையைத் தட்டச்சு செய்யட்டும். வெட்டி, ஒட்டி, மாற்றி எழுதும் பழக்கம் அதில் சீக்கிரம் வரும். ஆனால் பொதுத்தேர்வு பேனாவில்தான். அதற்காக நாளொன்றுக்கு அரைப் பக்கம், பிடித்த புத்தகத்திலிருந்து பார்த்து எழுதினால் போதும்.

கேள்வி (வாடிப்பட்டி, ஒரு தந்தை): எங்காவது வெளியே அழைத்துப் போனால் எழுதும் ஆர்வம் வருமா? எங்கே போகலாம்?

பதில்: வரும், தம்பி. ஒரு நிபந்தனை: திரும்பி வந்த அன்றிரவு "பார்த்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுது" என்று சொல்லிவிடாதீர்கள். அடுத்த முறை வண்டியில் ஏறும்போதே பிள்ளைக்கு அந்தப் பக்கம்தான் நினைவுக்கு வரும்.

முதலில் கீழடி. மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர் அளவுதான். 2014-15இல் அங்கே அகழாய்வு தொடங்கியது, 2023இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். தமிழி என்ற பழந்தமிழ் எழுத்து கீறிய பானை ஓடுகளைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆதன், குவிரன் என்று பெயர்கள். பானையில் தன் பெயரைக் கீறி வைத்த ஆசையை எந்தப் பிள்ளையும் உடனே புரிந்துகொள்ளும். வீட்டுக்கு வந்ததும் உடைந்த மண்சட்டி ஓடும் ஓர் ஆணியும் கொடுங்கள். எங்கள் திண்ணையில் இதைச் செய்தபோது, எழுதவே மாட்டேன் என்றிருந்த ஒரு சிறுமி தன் பெயரை முடித்துவிட்டு, தம்பி பெயர், பாட்டி பெயர், நாயின் பெயர் என்று நான்கு ஓடுகளை நிரப்பினாள்.

அடுத்து மாங்குளம் மலை. அங்குள்ள குகைக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட எழுத்து. ஏற்றம் கொஞ்சம் சிரமம், வெயிலுக்கு முன் போய்விடுங்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் கீழக்குயில்குடி சமணர் மலை போதும்.

ஒரு விளையாட்டும் சொல்கிறேன். ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று பெரும்பாலும் புள்ளி இல்லாமலே எழுதினார்கள். பிள்ளைகளும் அப்படி எழுதி, சீட்டை மாற்றிக்கொண்டு படிக்கட்டும். 'படடம' எளிது. 'பல' என்று மட்டும் இருந்தால் பல்லா, பலவா என்று சண்டையே வரும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மறக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல மருந்தை நான் பார்த்ததில்லை.

மழை நாளென்றால் நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதி இருக்கிறது. படித்துக் களைத்த பிள்ளை தானாக எழுதக் கேட்கும்.

கேள்வி (பழங்காநத்தம்): மகளுக்கு 13 வயது. கதை மட்டுமே எழுதுகிறாள். அடுத்த ஆண்டு தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்ய நினைக்கிறோம். தேர்வை எப்படிச் சமாளிப்பாள்?

பதில்: 14 வயது நிறைந்திருந்தால் பதிவு செய்யலாம். ஐந்து பாடங்களில் தேர்ச்சி வேண்டும், அவற்றில் குறைந்தது ஒன்று மொழிப்பாடமாக இருக்க வேண்டும், தமிழை எடுக்கலாம். தேர்ச்சிக்கு 33 சதவீதம். வீட்டில் எழுதி ஒப்படைக்கும் ஒப்படைவுகளுக்கும் மதிப்பெண் பங்கு உண்டு, அவற்றைத் தட்டிக்கழிக்க விடாதீர்கள். கதை எழுதத் தெரிந்த பெண் கடிதத்துக்கும் அறிக்கைக்கும் உள்ள வடிவத்தைச் சில வாரங்களில் பிடித்துக்கொள்வாள். வடிவம் மட்டும் தெரிந்து சொல்ல எதுவும் இல்லாத பிள்ளையின் நிலைதான் கடினம். தேர்வுக்கு ஆறு மாதம் முன்பிருந்து வாரம் ஒரு நாள் கடிகாரத்தை வைத்து எழுதிப் பழகட்டும். மற்ற நாட்களில் கதையை நிறுத்தாதீர்கள்.

கேள்வி (வில்லாபுரம்): அக்கா, 11 வயது மகள் நாட்குறிப்பு எழுதி அலமாரியில் மறைத்து வைக்கிறாள். அவள் தூங்கிய பிறகு எடுத்துப் படிக்கலாமா? எப்படி எழுதுகிறாள் என்று தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை.

பதில்: படிக்காதீர்கள். யாருக்கும் காட்டாமல் எழுதுகிற பிள்ளை எழுத்தை நேசிக்கத் தொடங்கிவிட்டது. நீங்கள் படித்தது தெரிந்தால், அடுத்த பக்கத்திலிருந்து அவள் உங்களுக்காக எழுதுவாள். அவளைப் பற்றி வேறு கவலை எதுவும் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து நேரடியாகக் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு இருந்தது. மேல் மூலையை மடித்து வைத்த பக்கத்தை அம்மா படிக்கலாம். மடிக்காத பக்கத்தைத் தொடக் கூடாது. சிவப்புப் பேனாவின் அந்தப் பத்து மாதத்துக்குப் பிறகு மகள் மீண்டும் எழுதத் தொடங்கியபோது நானே சொன்ன ஏற்பாடு இது. முதல் ஏழு மாதம் ஒரு பக்கமும் மடியவில்லை. ஒரு மாலை, மடித்த மூலையோடு நோட்டை அடுப்படியில் வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். கிணற்றுப் பூனையின் கதையை மறுபடி எழுதியிருந்தாள். பூனை பிழைத்திருந்தது.