தெரபிஸ்ட்டிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்கிறவர்களுக்கு: தெரபி கேள்வி-பதில்

கேள்வி: கவுன்சலிங்குக்கும் உளப்பகுப்பாய்வு தெரபிக்கும் என்ன வித்தியாசம்? எத்தனை நாளில் முடியும்?

பதில்: கவுன்சலிங் பெரும்பாலும் கையில் இருக்கும் ஒரு சிக்கலைப் பற்றியது. உளப்பகுப்பாய்வு தெரபி, நமக்கே தெரியாமல் மனதின் அடியில் ஓடுவதைப் பேசிப் பேசிக் கண்டுபிடிப்பது. அங்கே கேள்வி வேறு: எனக்கு மட்டும் ஏன் ஒவ்வொரு முறையும் இப்படியே முடிகிறது? வாரம் ஒன்றிரண்டு முறை, ஐம்பது நிமிடம், ஓரிரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது செஷன் அளவில் முடிகிற குறுகிய வடிவமும் உண்டு. வாரம் நாலைந்து நாள் சோஃபாவில் படுத்துப் பேசுவது முழு உளப்பகுப்பாய்வு. அது எல்லோருக்கும் தேவைப்படாது.

கேள்வி: பல் உதிர்வதுபோல அடிக்கடி கனவு வருகிறது. அர்த்தம் என்ன?

பதில்: வயது, தொழில், எப்போதிலிருந்து வருகிறது, எதுவுமே கடிதத்தில் இல்லை. அவை இருந்திருந்தாலும் அர்த்தம் சொல்லியிருக்க மாட்டேன். அந்தக் கனவின் ஒவ்வொரு துண்டும் உங்களுக்கு எதை ஞாபகப்படுத்துகிறது என்பதிலிருந்துதான் அர்த்தம் பிடிபடும். 1900-ல் கனவுகளைப் பற்றிய புத்தகத்திலேயே, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்ட் பலன் அகராதி பார்க்கிற வழியைத் தள்ளிவைத்துவிட்டார். (பிற்பாடு அவரே குறியீடுகள் பக்கம் கொஞ்சம் சாய்ந்தார், அது தனிக் கதை.)

கேள்வி: ஃப்ராய்ட் எல்லாம் காலாவதி என்கிறார் நண்பர். இது வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் உண்டா?

பதில்: உண்டு. லண்டனில் டாவிஸ்டாக் என்ற மனநலச் சிகிச்சை மையம் நடத்திய ஆய்வு 2015-ல் வெளிவந்தது. பல சிகிச்சை பார்த்தும் தீராத மனச்சோர்வு உள்ளவர்கள், மொத்தம் 130 பேர் அளவில். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சையோடு ஒன்றரை வருடம் வாராந்திர தெரபி, மறுபாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். முடிந்த கையோடு பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, பெரும் மனச்சோர்வு என்ற கட்டத்திலிருந்து வெளியே வந்திருந்தவர்கள் தெரபி எடுத்தவர்களில் நூற்றுக்கு 44, மற்றவர்களில் 10. முழுக்கக் குணமானவர்கள் இரண்டு பக்கமும் குறைவு. அதையும் நண்பரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ஏழெட்டு மாதம் போனேன். நடுவில் தெரபிஸ்ட் மூன்று வாரம் லீவில் போனார். திரும்பி வந்தபோது எனக்குப் பேசவே பிடிக்கவில்லை. 'இனி வரவில்லை' என்று ஒரு மெசேஜ் போட்டு நிறுத்திவிட்டேன். இவர் மூன்றாவது ஆள். முதலாமவர் கட்டணத்தை ஏற்றினார், இரண்டாமவர் நான் பேசும்போது கொட்டாவி விட்டார். நல்லவராக ஒருவரைச் சொல்லுங்கள்.

பதில்: சொல்ல மாட்டேன். நாலாவது ஆளும் என்றாவது லீவு எடுப்பார்.

இப்படி ஒரு கடிதம் வராத மாதம் கிடையாது. உங்களால் எனக்கு நாலு பக்கம் எழுத முடிகிறது, அவரிடம் 'நீங்கள் போனது எனக்குப் பிடிக்கவில்லை' என்று ஒரு வரி சொல்ல முடியவில்லை. மூன்று பேரில் ஒருவராவது உங்கள் கோபத்தை உங்கள் வாயால் கேட்டாரா? கடிதத்தைப் பார்த்தால் இல்லை.

முன்பு யார்மீதோ இருந்த ஆசையும் கோபமும் தெரபிஸ்ட் மேல் வந்து உட்காருவதைத்தான் டிரான்ஸ்ஃபரன்ஸ் என்கிறோம். அது வர வேண்டும் என்றுதான் ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே அறை என்று இந்த ஏற்பாடே. வந்த அன்றைக்கே எழுந்து போய்விட்டால், வேலை தொடங்கும் இடத்தில் நிறுத்துகிறீர்கள் என்று பொருள். உங்கள் விஷயத்தில் அது யார்மீது இருந்த கோபம் என்று கடிதத்தை வைத்து நான் ஊகிக்கப்போவதில்லை. அதை அங்கேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

தெரபிஸ்ட்டை நியாயப்படுத்த வரவில்லை. லீவைப் பல வாரம் முன்பே சொல்லி, அதைப் பற்றிப் பேச உங்களுக்கு இடம் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. எப்படியானாலும் இரண்டு மூன்று செஷன் கேட்டு வாங்கிப் போங்கள். திட்டுவதற்காகவே போங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் தாராளமாக நிறுத்துங்கள். அப்போது அது முடிவு, இப்போது செய்திருப்பது ஓட்டம்.

கேள்வி: தெரபிஸ்ட்டைக் காதலிக்கிறேன் என்று தோன்றுகிறது. வெட்கமாக இருக்கிறது.

பதில்: புதிதல்ல. அவரிடமே சொல்லுங்கள். நல்ல தெரபிஸ்ட் பதறவும் மாட்டார், இடம் கொடுக்கவும் மாட்டார். பதிலுக்கு அவரும் காதல், தொடுதல், வெளியே சந்திப்பு என்று ஆரம்பித்தால் மேலே சொன்ன 'திரும்பிப் போங்கள்' செல்லாது. உடனே வெளியேறி, அவர் சார்ந்த தொழில் அமைப்பில் புகார் கொடுங்கள்.

கேள்வி: தெரபி ஆரம்பித்துவிட்டேன். மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடாதீர்கள். எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி வருகிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த செஷன் வரை காத்திருக்கவும் கூடாது. அன்றே அவசரப் பிரிவு.

கேள்வி: என் கணவருக்குத்தான் இது தேவை. அவருக்குத் தெரியாமல் பதிவு செய்யலாமா?

பதில்: கூடாது. உங்களுக்கு வேண்டுமானால் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: தெரபிஸ்ட்டிடம் தகுதியைப் பற்றிக் கேட்டால் தப்பாக நினைப்பாரா?

பதில்: கேளுங்கள். எங்கே பயிற்சி, எத்தனை வருடம், தன் வேலையைப் பற்றிப் பேச இப்போதும் மேற்பார்வையாளரிடம் (மூத்த தெரபிஸ்ட் ஒருவரிடம்) போகிறாரா, தானும் தெரபியில் இருந்திருக்கிறாரா. உளப்பகுப்பாய்வுப் பயிற்சியில் கடைசியாகச் சொன்னது கட்டாயம், 1920-களிலேயே வந்த விதி. கேட்டதற்கே முகம் சுளித்தால் அடுத்தவரைப் பாருங்கள்.

கேள்வி: வீடியோவில் எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். கதவைச் சாத்திய அறை வேண்டும். கார் ஓட்டிக்கொண்டே பேசுவது செஷன் ஆகாது.